ஸ்பானிய மொழியின் நிறைவுறா இறந்தகால ஐயப்பாங்கு

நடந்ததைச் சொல்லாமல், விரும்பியதையும் ஐயுற்றதையும் கற்பனை செய்ததையும் சொல்ல ஸ்பானிய மொழி கையாளும் வினைவடிவம். 'என்னிடம் பணம் இருந்தால் வீடு வாங்குவேன்' என்று பணமில்லாதவர் சொல்லும்போது, 'இருந்தால்' என்னும் இடத்தில் இது வரும். இதற்கு ரா, சே என இரண்டு விகுதி வரிசைகள் உண்டு. பாடுதலைக் குறிக்கும் 'கந்தார்' என்னும் வினை, 'கந்தாரா' என்றும் 'கந்தாசே' என்றும் வரும். ஒரே வேலைக்கு இரண்டு வடிவங்கள் நிலைத்ததற்கான காரணம் லத்தீனில் தொடங்குகிறது.

லத்தீனில் இந்தப் பொருளுக்கு 'கந்தாரெம்' என்ற தனி வடிவம் இருந்தது. ஒலித்தேய்வால் பிற வடிவங்களோடு மயங்கி, ஐபீரியத் தீபகற்பத்தில் அது வழக்கொழிந்தது. சார்டீனியத் தீவின் பேச்சில் அதன் வழித்தோன்றல் எஞ்சியது. காலியான இடத்துக்கு 'கந்தாவிஸ்ஸெம்' என்ற இன்னொரு ஐயப்பாங்கு வடிவம் வந்து சே வரிசையாயிற்று. ரா வரிசையின் வரலாறுதான் வியப்புக்குரியது. அதன் மூலமான 'கந்தாவெராம்' ஐயப்பாங்கே அல்ல; 'பாடியிருந்தேன்' என்று நடந்து முடிந்ததை உறுதியாகச் சொன்ன வடிவம். சுமார் 1200இல் உருவான எல் சித் காவியத்தில் ரா இந்தப் பழைய பொருளில் வருகிறது. போர்ச்சுக்கீசிய எழுத்துநடை இன்றளவும் அதை அப்படியே வைத்திருக்கிறது.

உறுதியைச் சொன்ன வடிவம் கற்பனையின் பக்கம் சாய வழிவிட்டது நிபந்தனை வாக்கியம். இடைக்கால ஸ்பானியத்தில் 'முடிந்தால்' என்ற பகுதி சே வடிவத்திலும், 'செய்திருப்பேன்' என்ற விளைவுப் பகுதி ரா வடிவத்திலும் வந்தன. நிறைவேறாத செயலோடு இப்படி ஒட்டிப் பழகிய ரா, மெல்ல நிபந்தனைப் பகுதிக்குள்ளும் நுழைந்தது. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் அது ஐயப்பாங்காகவே வேரூன்றிவிட்டது. பின்னர் விளைவுப் பகுதியைப் பெரும்பாலும் 'ரியா' விகுதி எடுத்துக்கொண்டது.

பழைய பொருள் முற்றிலும் மறையவில்லை. 18, 19ஆம் நூற்றாண்டு எழுத்தாளர்கள் பழமைச் சுவைக்காக அதை மீட்டெடுத்தனர். 1847இல் ஸ்பானிய அமெரிக்கர்களுக்கென இலக்கணம் எழுதிய ஆந்த்ரெஸ் பெல்யோ, இந்த மீட்பை ஏற்கவில்லை. ஆனாலும் இன்றைய செய்தித்தாள் நடையில் அது தலைகாட்டுகிறது.

வடிவம் அமைக்கும் முறை எளிது: இறந்தகாலப் படர்க்கைப் பன்மையில் 'ரோன்' நீக்கி, 'ரா' அல்லது 'சே' சேர்க்க வேண்டும். 'திஹேரோன்' (சொன்னார்கள்) 'திஹேரா' ஆகும். 'துவியேரோன்' (வைத்திருந்தார்கள்) 'துவியேரா' ஆகும். ஒழுங்கற்ற வினைகளும் இந்த விதிக்கு அடங்குவதற்குக் காரணம், இரண்டு லத்தீன் மூலங்களும் அந்த இறந்தகாலமும் ஒரே வினையடியிலிருந்து பிறந்ததே. 'இரு', 'போ' என்னும் இரு வினைகளுக்கும் 'ஃபுவேரோன்' பொதுவென்பதால் 'ஃபுவேரா'வும் பொதுவாகிறது. எது என்பதைச் சூழலே காட்ட வேண்டும். தன்மைப் பன்மையில் லத்தீனின் அழுத்தம் ஓர் அசை முன்னே நகர்ந்தது. ஆகவே 'கந்தாராமோஸ்' என்பதன் 'தா'வில் அழுத்தக்குறி எழுத வேண்டும்.

லத்தீன் அமெரிக்கப் பேச்சில் ரா பெரும்பான்மை. சே ஸ்பெயினிலும் எழுத்திலும் கூடுதலாகத் தென்படுகிறது. ஆனால் கடைக்காரரிடம் பணிவாக ஒன்றைக் கேட்கும்போது 'கிஸியேரா' (வேண்டும்) என்று ரா வடிவத்தைத்தான் சொல்வார்கள். பொதுவழக்கில் அங்கே சே வருவதில்லை.