காண்டாமிருகம்: பரிணாம வரலாறும் வகைப்பாடும்

காண்டாமிருகங்கள் ஒற்றைப்படைக் குளம்பிகள் வரிசையைச் சேர்ந்த பாலூட்டிகள். குதிரையும் டாபிரும் இவற்றின் உறவினங்கள். இன்று வாழ்பவை ஐந்து இனங்கள்: ஆப்பிரிக்காவில் வெள்ளை, கறுப்பு, ஆசியாவில் இந்திய, ஜாவா, சுமத்ரா இனங்கள். அழிந்தவை இவற்றைப் போலப் பல மடங்கு. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கொம்பே கிடையாது. கொம்பு கெரட்டினால் ஆனது, உள்ளே எலும்பு இல்லை. எனவே அது மண்ணில் தங்குவது அரிது. நாசி எலும்பின் மேல் சொரசொரப்பான திட்டு காணப்பட்டால், அங்கே கொம்பு இருந்ததாக ஊகிக்கிறார்கள். உறுதியான சான்று பற்களே. மேல் கடைவாய்ப்பல்லின் மேடுகள் π வடிவில் அமைந்திருப்பது இக்குழுவின் அடையாளம்.

தோற்றம்: ஒற்றைப்படைக் குளம்பிகள் எங்கே தோன்றின என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. குஜராத்தின் வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த, ஏறத்தாழ 5.45 கோடி ஆண்டுப் பழமையுள்ள காம்பேதேரியம் இவ்வரிசைக்கு மிக நெருங்கிய விலங்காகக் கருதப்படுகிறது. ஆசியாவோடு இணையும் முன், தனித்திருந்த இந்திய நிலப்பரப்பிலேயே இவ்வரிசை உருவாகியிருக்கலாம் என்று சிலர் இதைக் கொண்டு வாதிடுகின்றனர். இயோசீன் காலத்து ஹைராகியஸ், காண்டாமிருகக் கிளையின் தொடக்க உறுப்பினராகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. அதை டாபிர்களின் பக்கம் வைத்தவர்களும் உண்டு. இக்கிளையிலிருந்து குட்டையும் பருமனுமான அமினோடான்கள், நீண்ட கால்களால் ஓடிய ஹைராகோடான்கள், பராசெராதேர்கள், உண்மையான காண்டாமிருகங்கள் ஆகிய குடும்பங்கள் பிரிந்தன. முதல் மூன்றும் வழித்தோன்றலின்றி மறைந்தன.

பராசெராதேரியம்: ஒலிகோசீன் காலத்தில் (3.4 முதல் 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன்) ஆசியாவில் வாழ்ந்த இப்பேரினம், நிலத்தில் உலவிய பாலூட்டிகளில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. தோள்மட்ட உயரம் சுமார் 4.8 மீட்டர், எடை 15 முதல் 20 டன் எனக் கணிக்கப்படுகிறது. பழைய நூல்கள் 30 டன் வரை சொல்லும். கொம்பில்லாத தலையை நீண்ட கழுத்து தாங்க, உயர்ந்த மரங்களின் தழையை இது மேய்ந்தது.

இதன் பெயர் வரலாறு சிக்கலானது. பலூசிஸ்தானின் டேரா புக்டியில் கிடைத்த எச்சங்களை 1908 இல் கை பில்கிரிம் ‘அசெராதேரியம்’ பேரினத்தில் சேர்த்தார். அங்கேயே தோண்டிய கிளைவ் ஃபார்ஸ்டர் கூப்பர் 1911 இல் பராசெராதேரியம் என்ற பெயரை உருவாக்கினார். 1913 இல் இன்னும் பெரிய எலும்புகளுக்கு ‘தவுமாஸ்டோதேரியம்’ என்று பெயரிட்டார். அப்பெயர் ஏற்கெனவே ஒரு பூச்சிக்கு உரியது எனத் தெரிந்ததும் ‘பலூசிதேரியம்’ ஆக்கினார். அதே பத்தாண்டில் கசகஸ்தான் எலும்புகளுக்கு ரஷ்ய அறிஞர் போரிசியாக், ரஷ்யக் கதைகளில் வரும் இந்திரிக் என்னும் விலங்கின் பெயரால் ‘இந்திரிகோதேரியம்’ என்று பெயரிட்டார். 1922 இல் மங்கோலியாவில் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகக் குழு துண்டு துண்டாக உடைந்த ஒரு மண்டையோட்டைக் கண்டெடுத்தது. பின்னர் அதே குழு நான்கு கால்களின் எலும்புகளை நிமிர்ந்து நின்ற நிலையிலேயே கண்டது. விலங்கு புதைசேற்றில் சிக்கி நின்றபடியே இறந்திருக்க வேண்டும். உடலின் மேற்பகுதி காலப்போக்கில் அரித்துப் போய்விட்டது. 1989 இல் லூகாஸும் சோபஸும் இப்பெயர்களையெல்லாம் பராசெராதேரியத்தில் அடக்கினர். பெயர் வேறுபாடுகளில் சில ஆண், பெண் வேறுபாடாகவே இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. இதை எல்லோரும் ஏற்கவில்லை. டேரா புக்டிப் பாறை அடுக்குகள் நெடுங்காலம் மயோசீனைச் சேர்ந்தவையாகக் கருதப்பட்டன. பின்னைய ஆய்வுகள் அவற்றின் கீழ்ப்பகுதியை ஒலிகோசீனில் வைக்கின்றன.

உண்மையான காண்டாமிருகங்கள்: இக்குடும்பம் இயோசீன் இறுதிக்குள் தோன்றிவிட்டது. உளி போன்ற மேல் வெட்டுப்பல்லும் தந்தம் போல் நீண்ட கீழ் வெட்டுப்பல்லும் இதன் சிறப்பியல்பு. வட அமெரிக்காவின் மெனோசெராஸ் ஆணுக்கு மூக்கு நுனியில் இரு கொம்புகள் பக்கவாட்டில் அமைந்திருந்தன. நெப்ராஸ்கா மாநிலத்தில் ஏறத்தாழ 1.2 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பலில் மூடுண்ட நீர்நிலையொன்றில், குட்டைக் கால் டெலியோசெராஸ் விலங்குகளின் முழு எலும்புக்கூடுகள் நூற்றுக்கும் மேல் கிடைத்துள்ளன. தாய்களின் அருகே கன்றுகள் கிடக்கின்றன. சிலவற்றின் தொண்டைப் பகுதியில் புல் விதைகள்கூட எஞ்சியிருந்தன. பிளியோசீன் தொடக்கத்தில் வட அமெரிக்கக் காண்டாமிருகங்கள் அழிந்தன.

பனியூழி: திபெத்தில் கிடைத்த 37 லட்சம் ஆண்டுப் பழமையுள்ள எச்சத்தைக் கொண்டு, கம்பளிக் காண்டாமிருகம் அங்கே குளிருக்குப் பழகி வடக்கே பரவியது என்று 2011 இல் ஒரு விளக்கம் முன்வைக்கப்பட்டது. இவ்வினத்தின் கடைசி விலங்குகள் சுமார் 14,000 ஆண்டுகளுக்கு முன் சைபீரியாவில் மறைந்தன. ஆஸ்திரியாவின் கிளாகன்ஃபுர்ட் நகரில் 1335 இல் கிடைத்த இதன் மண்டையோட்டை மக்கள் டிராகனின் தலை என்று நம்பினர். நகர நீரூற்றில் உள்ள டிராகன் சிலையின் தலை அதைப் பார்த்துச் செதுக்கப்பட்டது. எலாஸ்மோதேரியம் என்னும் மற்றொரு காண்டாமிருகம் சுமார் 39,000 ஆண்டுகளுக்கு முன் வரை வாழ்ந்தது. அதன் நெற்றியில் பெரிய கொம்பு இருந்ததா என்பது இன்னும் விவாதத்துக்குரியது.

இந்தியத் துணைக்கண்டம்: சிவாலிக் மலைகளில் பல இனங்களின் எச்சங்கள் உண்டு. பல்லாவரத்தில் கற்கருவி கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், கோகாக் அருகே கிடைத்த எலும்புகளை 1874 இல் ‘ரைனோசெராஸ் டெக்கனென்சிஸ்’ என்ற தனி இனமாக விவரித்தார். கர்நூல் குகைகளிலிருந்தும் லிடெக்கர் ஓர் இனத்துக்குப் பெயரிட்டார். இவை தனி இனங்கள்தாமா என்பதில் ஐயம் உண்டு.

இன்றைய இனங்கள்: லின்னேயஸ் 1758 இல் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு என இரண்டையே பதிவு செய்தார், மற்ற மூன்றும் 1814, 1817, 1822 ஆண்டுகளில் விவரிக்கப்பட்டன. இரு கொம்புள்ள சுமத்ரா இனம் ஆப்பிரிக்க இனங்களுக்கு நெருக்கமானதா, ஆசிய இனங்களுக்கா, இரண்டிலிருந்தும் முன்பே பிரிந்ததா என்பது நெடுநாள் சர்ச்சை. 2021 இல் வெளியான மரபணுத் தொகுதி ஆய்வு அதை ஆசியக் கிளையில் வைக்கிறது. ஆப்பிரிக்கக் கிளை ஏறத்தாழ 1.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தது என்கிறது. வடக்கு வெள்ளைக் காண்டாமிருகத்தைத் தனி இனமாக்க வேண்டும் என 2010 இல் குரோவ்ஸும் பிறரும் முன்மொழிந்தனர்; பெரும்பாலான பட்டியல்கள் அதைத் துணையினமாகவே கொள்கின்றன.