சைக்கிள் விளக்கு

வெள்ளக்கடையில் சைக்கிள் வைத்திருப்பவனைப் பார்த்து யாரும் பொறாமைப்படுவதில்லை. ஏற்காட்டைச் சுற்றிச் சேர்வராயன் மலையில் இருக்கும் எந்த ஊரிலும் இதே கதைதான். ஏற்றத்தில் நாம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகவேண்டும். இறக்கத்தில் அது நம்மை இழுத்துக்கொண்டு போகும். காப்பித் தோட்டங்களுக்கு நடுவே எப்போதாவது நூறு கஜம் சமதரை அகப்பட்டால், அந்த நூறு கஜத்தில்தான் இரு தரப்புக்கும் சமரசம்.

ஆகவே, பக்கத்து வீட்டுப் பையன் போன மாதம் தன்னுடைய சைக்கிளை உருட்டிக்கொண்டு என் வாசலுக்கு வந்தபோது எனக்கு ஆச்சரியம் ஒன்றும் உண்டாகவில்லை. அவன் அதை உருட்டுவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பிளஸ் ஒன் படிக்கும்போது சர்க்கார் கொடுத்த சைக்கிள் அது. பையனுக்குச் சென்னையில் ஓர் ஓட்டலில் வேலை கிடைத்திருக்கிறது. தங்குமிடத்துக்கும் ஓட்டலுக்கும் மூன்று மைல் தூரமாம்.

"மாமா, இத மெட்ராசுக்குக் கொண்டு போலாமா? அங்கதான் ரோடெல்லாம் சமமா இருக்குமே!" என்று கேட்டான்.

இருக்கும், தாராளமாக இருக்கும். சென்னையைப் போல் சைக்கிளுக்கென்றே இறைவன் தட்டையாகச் செய்துவைத்த பட்டணம் வேறு இல்லை. மேடு இல்லை, பள்ளம் இல்லை (நகரசபையார் தோண்டிய பள்ளங்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை). ஆனாலும் "கொண்டு போ" என்று சொல்ல எனக்கு உடனே நா எழவில்லை. "நாளைக்கு வா, சொல்கிறேன்" என்று அனுப்பிவிட்டு யோசிக்கத் தொடங்கினேன். அந்த யோசனைதான் இந்தக் கட்டுரை.

சைக்கிளின் பூர்வ சரித்திரத்தை அதிகம் நீட்டப்போவதில்லை. இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவாக, பின்சக்கரத்தைச் சங்கிலி சுழற்றும் இன்றைய உருவத்தை 1885-ல் இங்கிலாந்தில் ஸ்டார்லி என்பவர் செய்துகாட்டினார். மூன்று வருஷம் கழித்து, தம் பிள்ளையின் மூன்று சக்கர வண்டி கடகடவென்று ஆடுவதைப் பொறுக்கமாட்டாத டன்லப் என்ற கால்நடை வைத்தியர் காற்று அடைத்த டயரைச் செய்தார். இதெல்லாம் பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே உண்டு. ஆனால் அதிகம் பேசப்படாத ஒரு சங்கதி இருக்கிறது. நல்ல சாலை வேண்டும் என்று முதன்முதலில் சங்கம் வைத்துக் கூக்குரலிட்டவர்கள் மோட்டார்க்காரர்கள் அல்ல, சைக்கிள்காரர்கள்! அமெரிக்காவில் 1880-லும் இங்கிலாந்தில் 1886-லும் அவர்கள் இதற்காகக் கூட்டம் கூட்டினார்கள், மனுப் போட்டார்கள், பத்திரிகை நடத்தினார்கள். அப்போது மோட்டார் என்று ஒன்று சாலைக்கே வரவில்லை. சைக்கிள்காரன் கேட்டு வாங்கிய வழவழப்பான சாலையில் பிறகு மோட்டார் வந்து ஏறிக்கொண்டது. வீட்டைக் கட்டியவன் திண்ணைக்கு வந்த கதைதான்.

நம் சென்னையில் சைக்கிள்காரனுக்கு முதல் சத்துருவாக அமைந்தது மோட்டார்கூட இல்லை, டிராம். இதை எனக்குச் சொன்னவர் என் தாய்வழித் தாத்தா. அவர் ஜார்ஜ் டவுன் தந்தி ஆபீசில் சேவகர். 1940-ல் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஓய்வு பெறும் வரையில் சைக்கிளில் தந்தி கொண்டுபோனவர். ஒரு வீட்டு வாசலில் தந்திச் சேவகன் சைக்கிளை நிறுத்தினால், உறையைப் பிரிப்பதற்கு முன்பே உள்ளே பெண்கள் அழத் தொடங்கிவிடுவார்களாம். "பையன் பாஸ் பண்ணிட்டாம்மா, அழாதீங்க" என்று வாசலிலிருந்தே கத்தவேண்டும் என்பார். அந்தத் தந்தியும் 2013 ஜூலையோடு இந்தியாவில் முடிந்துபோய்விட்டது.

இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் சென்னையில்தான் 1895-ல் ஓடியது. மவுண்ட் ரோடு, மின்ட் தெரு, பூந்தமல்லி நெடுஞ்சாலை என்று முக்கியமான சாலைகளில் எல்லாம் தண்டவாளம் பதித்திருந்தார்கள். ரயில் தண்டவாளம் போல் அது மேலே துருத்திக்கொண்டு நிற்காது. சாலைக்குச் சமமாகப் புதைந்து கிடக்கும். டிராம் சக்கரத்தின் விளிம்பு ஓடுவதற்காக அதன் நெடுகிலும் ஒரு சிறு பள்ளம். சைக்கிளின் ஒன்றரை அங்குல டயருக்கு அளவெடுத்துத் தைத்தாற்போல் அந்தப் பள்ளம் அமைந்ததுதான் விபரீதம். முன்சக்கரம் அதில் இறங்கிவிட்டால் ஹாண்டில்பாரைத் திருப்ப முடியாது. சைக்கிள் தண்டவாளத்தோடு போகும். ஏறி உட்கார்ந்திருப்பவன் வேறு திசையில் போவான். பின்னால் டிராம்காரர் காலால் மணியை மிதித்துக்கொண்டே வருவார்.

"தண்டவாளத்தைத் தாண்டறதுன்னா குறுக்கே நேராத் தாண்டணும். சாய்ச்சுப் போனியோ, தொலைஞ்சே!" என்பது தாத்தாவின் பாடம். மழை நாளில் நேராகத் தாண்டினாலும் ஆபத்துதான். நனைந்த இரும்பில் டயர் பாசியில் கால் வைத்தது போல் வழுக்கும். தம்முடைய முழங்கையில் இருந்த நீளமான வடுவைக் காட்டி, "இது மின்ட் தெரு" என்பார். முழங்காலைக் காட்டி, "இது ரவுண்டாணா" என்பார். அவருடைய தேகமே ஒரு பட்டணப் படமாக எனக்குத் தோன்றும்.

டிராம் போதாதென்று ஜட்கா, கட்டைவண்டி, கை ரிக்‌ஷா எல்லாம் அந்தச் சாலையில் உண்டு. ஜட்காக் குதிரை எந்த நிமிஷத்தில் எந்தப் பக்கம் திரும்பும் என்பது ஜட்காக்காரனுக்கே தெரியாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தண்டவாளம் இருந்த இடத்திலேயே இருந்தது. குதிரை முரண்டு பிடிப்பது கண்ணுக்குத் தெரிந்தது. அவற்றுள் எதுவும் சைக்கிளைவிட மிகுந்த வேகத்தில் ஓடியதில்லை. ரோடில் எதற்குப் பயப்படவேண்டும் என்பது தாத்தாவுக்குத் தெரிந்திருந்தது.

இன்னும் ஒன்றுக்கும் பயப்பட வேண்டியிருந்தது: போலீஸ்காரர்! பொழுது சாய்ந்தபின் விளக்கில்லாமல் சைக்கிள் விட்டால் பிடித்துவிடுவார்கள். இருவர் ஏறிப்போகும் டபுள்ஸும் குற்றம். நகராட்சிக்கும் பஞ்சாயத்துக்கும் வருஷா வருஷம் வரி கட்டி, ஒரு சிறு உலோக வில்லையை வாங்கிச் சைக்கிளில் மாட்டிக்கொள்ள வேண்டிய காலமும் இருந்தது. விளக்கு என்றால் முதலில் மண்ணெண்ணெய் விளக்கு. காற்றடித்தால் அணையும், பள்ளத்தில் இறங்கினால் அணையும், போலீஸ்காரரைக் கண்டால் தவறாமல் அணையும். அபராதம் கட்ட வக்கில்லாதவனின் டயரில் காற்றைப் பிடுங்கி விட்டுவிடுவதும் உண்டு. அவன் வீடு வரையில் தள்ளிக்கொண்டே போவான். 1942-ல் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியபோது, அதே விளக்கின் கண்ணாடியில் கறுப்புத் தாளை ஒட்டிக்கொண்டு தந்தி கொடுத்ததாகத் தாத்தா சொல்வார். வெளிச்சம் இல்லாமல் போகவும் கூடாது, வெளிச்சம் தெரியவும் கூடாது! பிற்பாடு டயரில் உரசிச் சுழலும் டைனமோ வந்தது. சைக்கிள் நின்றால் அதன் வெளிச்சமும் நின்றுவிடும். "நான் நின்னுக்கிட்டிருக்கேங்க, ஓட்டினாத்தான் எரியும்" என்று போலீஸ்காரரிடம் வாதாடி ஜயித்தவர்கள் எத்தனையோ பேர்.

இதை நினைத்து நாம் இன்று சிரிக்கிறோம். சிரிப்புக்கு உள்ளே ஒரு நியாயம் இருந்தது. சைக்கிள்காரன் விளக்கு வைத்துக்கொள்வது அவன் வழி பார்ப்பதற்காக மட்டும் அன்று. மற்றவர் அவனைப் பார்ப்பதற்காகவும்தான். சாலையில் அவனும் ஒருவன் என்று சட்டம் கணக்கில் வைத்திருந்தது. கணக்கில் வைத்தபடியால்தான் பிடித்தது.

டிராம் 1953-ல் நின்றது. அதற்குள் அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை ஏற்பட்டுவிட்டது. பர்மிங்ஹாம் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனியும் முருகப்பா குடும்பத்தாரும் சேர்ந்து 1949-ல் ஏற்படுத்தியது அது. சீமையிலிருந்து கப்பலில் வந்த ஹெர்குலிஸ் அம்பத்தூரிலேயே பிறக்கத் தொடங்கியது. வடக்கே சோனேபட்டில் அட்லஸ் 1951-ல் வந்தது. லூதியானாவில் ஹீரோ 1956-ல் வந்தது. அப்புறம் ஏறக்குறைய முப்பது வருஷம் சைக்கிளின் ராஜ்யந்தான். மாப்பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கித் தராததால் நின்றுபோன கல்யாணங்கள் உண்டு. சினிமாக் கொட்டகையில் டிக்கட் கிடைத்தாலும் சைக்கிள் ஸ்டாண்டில் இடம் கிடைக்காது. வாடகைக் கடையில் மணிக்கணக்கில் எடுத்து, கால் எட்டாமல் பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டு முட்டியைப் பெயர்த்துக்கொள்ளாத பிள்ளை தமிழ்நாட்டிலேயே இருந்திருக்கமாட்டான். நானே ஏற்காடு ஏரிக்கரையில் அப்படித்தான் பழகினேன். எங்கள் மலையில் அதைவிட நல்ல சமதரை ஏது?

சரிவு எப்போது ஆரம்பித்தது என்று ஒரு தேதியைக் குறிப்பிட்டுச் சொல்ல முடியாது. 1973-ல் ஜெமினி மேம்பாலம் திறந்தார்கள். 1980-ல் டி.வி.எஸ். 50 வந்தது, காலால் மிதித்து அலுத்தவர்கள் எல்லாம் அதற்கு மாறினார்கள். 1983-ல் மாருதி வந்தது. ஒவ்வொன்றும் நல்லதற்குத்தான் வந்தது. அவை எல்லாம் சேர்ந்து சாலையின் வேகத்தை மாற்றிவிட்டன. டிராம் தண்டவாளம் போன இடத்தில் வேறோர் அபாயம் வந்து உட்கார்ந்தது. அதைத் தாத்தா அறியார், நான் அறிவேன்.

2001-ல் சென்னையில் ஒரு பத்திரிகையில் பிழை திருத்துகிற வேலைக்குச் சேர்ந்தேன். திருவல்லிக்கேணியில் அறை. பழைய சைக்கிள் ஒன்றை வாங்கினேன். முதல் வாரத்திலேயே பட்டணம் எனக்குச் சில பாடங்களைக் கற்றுக்கொடுத்தது. சாலையின் இடது ஓரம் சைக்கிளுக்கு உரியது என்பது ஏட்டில் உள்ளது. அந்த ஓரத்தில் மணல் இருக்கும், மழைநீர்க் கால்வாயின் இரும்புச் சட்டம் இருக்கும், எதிர்த்திசையில் வரும் ஸ்கூட்டர் இருக்கும், பஸ் வந்து நிற்கும் இடமும் அதுதான். நிற்கிற பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவே புகுந்தால் இறங்குகிறவர் நம் மேலேயே இறங்குவார். வலப்பக்கம் ஒதுங்கினால் பின்னால் வருகிறவன் நம் வம்சத்தையே வாழ்த்துவான். மழை பெய்து தண்ணீர் தேங்கிவிட்டால் மூடியில்லாத சாக்கடைக் குழி எங்கே இருக்கிறது என்று தெரியாது. முன்னால் போகிறவன் மறைகிறானா என்று பார்த்துக்கொண்டுதான் போகவேண்டும். இரவு பதினொரு மணிக்கு மேல் நாய்கள் வேறு. நாய்க்கு மோட்டார்மேல் இல்லாத துவேஷம் சைக்கிள்மேல் ஏன் என்பது இன்னும் எனக்கு விளங்கவில்லை.

நான் விழுந்தது இவற்றில் எதனாலும் இல்லை. ராயப்பேட்டையில் ஒரு சாயங்காலம், ஓரமாக நிறுத்தியிருந்த காரின் கதவு திடீரென்று திறந்தது. அவ்வளவுதான். கதவின் முனை விலாவில் இடித்தது. நான் நடு ரோடில் கிடந்தேன். பின்னால் வந்த ஆட்டோக்காரர் பிரேக் போட்டதால்தான் இன்று இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கிறேன். காரிலிருந்து இறங்கியவர் நல்ல மனுஷர். கைகால் நடுங்க என்னைத் தூக்கி உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, ஆஸ்பத்திரிக்கும் அழைத்துக்கொண்டு போனார். வழி நெடுக அவர் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்: "சத்தியமா உங்களைப் பாக்கவே இல்லை சார்!"

அவர் சொன்னது பொய்யில்லை. அவர் கண்ணாடியில் பார்த்திருப்பார். கார் வருகிறதா, பஸ் வருகிறதா என்று பார்த்திருப்பார். சைக்கிளைப் பார்க்கும் பழக்கம் அவர் கண்ணுக்குப் போய்விட்டது. விளக்கு எங்கே என்று தாத்தாவைக் கேட்க முச்சந்திக்கு முச்சந்தி ஆள் நின்றது. நான் விளக்கில்லாமலே மூன்று வருஷம் அந்தப் பட்டணத்தில் ஓட்டினேன். ஒரு போலீஸ்காரர்கூட என்னை நிறுத்தவில்லை.

இத்தனைக்கும் தமிழ்நாட்டில் சைக்கிள் மறைந்துவிடவில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ல் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராயிருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்கச் செய்தார். 1992-ல் மகளிர் தினத்தன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் வந்தார்கள். பெண்கள் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளை வாங்கியவர்கள், நடுவிலுள்ள பாரில் குழந்தையை உட்காரவைக்கச் சௌகரியமாக இருக்கிறது என்று அதையே விரும்பினார்களாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசச் சைக்கிள் 2001-லிருந்து வரத்தொடங்கியது. சென்னை மாநகராட்சியும் 2014-ல், நடப்பவருக்கும் சைக்கிளில் போகிறவருக்கும் சாலையில் இடம் கொடுப்பதைத் தன் கொள்கையாகவே ஏற்றது. கொள்கை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2021 தேர்தலில் நடிகர் விஜய் சைக்கிளில் வாக்களிக்கப் போனபோது தேசம் முழுவதும் அது செய்தியாயிற்று. ஒரு மனிதர் நம் ஊர் வீதியில் சைக்கிளில் போவது செய்தியாகிற காலம் வரும் என்று தாத்தாவிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போனால், தலைக்கவசம் அணிந்து, மின்னுகிற விளக்கு பூட்டிய விலையுயர்ந்த சைக்கிள்களைக் காணலாம். அவர்களைக் குறை சொல்லவில்லை, நல்ல காரியந்தான். ஆனால் நடுராத்திரியில் வேலை முடிந்து திரும்புகிற காவல்காரருக்கும், ஓட்டல் பையனுக்கும் அந்த விளக்கு இல்லை. சைக்கிள் இல்லாவிட்டால் பிழைப்பு இல்லாதவன் அவன்தான்.

மறுநாள் பையன் வந்தான். கொண்டு போ என்றேன். நிற்கிற காரிலிருந்து ஒரு கை தூரம் தள்ளியே போகவேண்டும், பஸ்ஸுக்கு இடப்பக்கம் புகவே கூடாது, தேங்கிய தண்ணீரில் இறங்கித் தள்ளிக்கொண்டு போகவேண்டும், முன்னாலும் பின்னாலும் விளக்குப் போடவேண்டும் என்று நான்கு தடவை சொன்னேன்.

"லைட் இல்லேன்னா போலீஸ் பிடிப்பாங்களா மாமா?"

"பிடிக்கமாட்டார்கள். அதனால்தான் போடச் சொல்கிறேன்" என்றேன். அவனுக்கு அது புரிந்ததாகத் தெரியவில்லை.

சைக்கிளைப் பஸ்ஸில் ஏற்றாமல், இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஓட்டியே இறங்கிவிட்டான் அந்தப் படுபாவி. மத்தியானம் சேலத்திலிருந்து போன் வந்தது.

"பிரேக் கட்டை நாலும் தேஞ்சு போச்சு மாமா, புதுசு போட்டுட்டேன். பின்னாடி போடற செவப்பு லைட்டுக்கு நூத்தி இருபது ரூபா சொல்றான். வாங்கட்டுமா?"