ஜீப்பின் தலையாட்டம் - ஒரு நூறாண்டுக் கதை

தூத்துக்குடி மில்லர்புரத்திலிருந்து தெற்கே திருச்செந்தூர் ரோட்டைப் பிடித்துப் போனால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் குதிரைமொழித் தேரிப் பக்கம் போய்விடலாம். சிவப்பு மணல் மேடு மேடாகக் கிடக்கும். சாதாரண கார் இறங்கினால் சக்கரம் புதைந்து அங்கேயே நிற்க வேண்டியதுதான். அந்த மாதிரி இடத்துக்குத்தான் ஜீப்பை உயர்த்திக் கட்டி, பெரிய டயர் மாட்டுகிறார்கள். மணலில் நன்றாகவே போகும். பிரச்சினை திரும்பி வரும்போது. தார் ரோட்டில் அறுபது, எழுபதில் வரும்போது ஒரு சின்னப் பள்ளம், அல்லது பாலத்தின் இணைப்பு. அவ்வளவுதான், ஸ்டியரிங் தானாக இடமும் வலமும் உதற ஆரம்பிக்கும். கையால் அடக்க முடியாது. வேகம் வெகுவாகக் குறைந்தால்தான் நிற்கும். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இதற்கு ஆங்கிலத்தில் 'டெத் வாபிள்' என்று பேர் வைத்திருப்பது மிகையில்லை.

பழி உடனே உயர்த்திக் கட்டின மெக்கானிக் தலையில் விழும். அவர் பங்கும் உண்டுதான். ஆனால் இந்த வியாதி ஜீப்பை விட வயதானது.

1920-களில் வந்த கார்களுக்கு முன்பக்கம் ஒரே இரும்பு அச்சு. அதன் இரண்டு முனையிலும் சக்கரங்கள். அந்தப் பத்தாண்டில் இரண்டு புது வசதிகள் பரவின. ஒன்று, முன்சக்கரத்துக்கும் பிரேக். இன்னொன்று, 1923-ல் ஃபயர்ஸ்டோன் கம்பெனி சந்தைக்குக் கொண்டுவந்த, காற்றழுத்தம் குறைவான மெத்தென்ற 'பலூன்' டயர். பிரேக் டிரம் வந்ததால் அச்சின் முனைகளில் எடை கூடியது. டயரே ஒரு ஸ்பிரிங் மாதிரி துள்ளியது. நல்ல நல்ல கார்களெல்லாம் ரோட்டில் ஆட்டம் போட ஆரம்பித்தன. அப்போது பிரபலமாக இருந்த தோளைக் குலுக்கி ஆடும் நடனத்தின் பேரையே இந்த நோய்க்கும் வைத்தார்கள்: ஷிம்மி!

ஏன் இப்படி? ஒரு சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்றி, இரண்டு கையாலும் அச்சைப் பிடித்துக்கொண்டு, இன்னொருவரை வேகமாகச் சுற்றிவிடச் சொல்லுங்கள். இப்போது அச்சை ஒரு பக்கம் சாய்த்துப் பாருங்கள். சக்கரம் சும்மா சாயாது, இடமோ வலமோ திரும்பப் பார்க்கும். பம்பரம் உடனே விழாமல் தலையைச் சுற்றிச் சுற்றி ஆட்டுவதும் இதே விதியால்தான். ஜீப்பில் நடப்பதும் இதுவே. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் முழு அச்சும் சாய்கிறது. சாய்ந்ததால் இரண்டு சக்கரமும் ஒரு பக்கம் திரும்பப் பார்க்கின்றன. திரும்பியதால் அச்சு எதிர்ப்பக்கம் சாய்கிறது. ஒரு ஆட்டம் அடுத்த ஆட்டத்துக்குத் தீனி போடுகிறது. மூட்டுகள் எல்லாம் இறுக்கமாக இருந்தால் இரண்டு மூன்று உதறலில் அடங்கிவிடும். எங்கேயாவது ஒரு மில்லிமீட்டர் லூஸ் இருந்தால் அடங்காது.

இதைத் தீர்க்க முயன்றவர்களில் முக்கியமானவர் மோரிஸ் ஓலி என்ற ஆங்கிலேயப் பொறியாளர். ரோல்ஸ்-ராய்ஸில் இருந்தவர், 1930-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்குப் போனார். அங்கே அவர் குழு எடுத்த முடிவு, அச்சையே எடுத்துவிடுவது! ஒவ்வொரு முன்சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும்படி செய்துவிட்டால் ஒன்றின் பள்ளம் மற்றதைச் சாய்க்காது. 1934 மாடல் கார்களில் அது வந்தது. ஹென்றி ஃபோர்டு மட்டும் பிடிவாதமாக ஒற்றை அச்சிலேயே இருந்தார். அவர் இறந்த பிறகு, 1949 மாடலில்தான் ஃபோர்டு கார் மாறியது.

ஆக, கார்களைப் பொறுத்தவரை கதை முடிந்தது. ஆனால் 1940-ல் அமெரிக்க ராணுவம் ஒரு சின்ன நான்கு சக்கர இயக்க வண்டி கேட்டது. மாதிரி வண்டிக்குக் கொடுத்த கெடு வெறும் 49 நாள். பேன்டம் என்ற சிறிய கம்பெனிக்காக கார்ல் ப்ராப்ஸ்ட் வரைந்து கொடுத்த வண்டி செப்டம்பர் 23 அன்று கெடு தவறாமல் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் வில்லிஸ் ஜீப். உறுதி, எளிமை, அவசரம் மூன்றும் வேண்டியதால் முன்பக்கம் மறுபடி ஒற்றை அச்சு, லீஃப் ஸ்பிரிங். டயர் ஆறு அங்குல அகலம்தான், வண்டியும் தாழ்வு. அதனால் பழைய வியாதி பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருந்தது.

அந்த வண்டிதான் மஹிந்திரா மூலம் இந்தியாவுக்கு வந்தது. 1945-ல் அந்த நிறுவனத்தின் பேர் மஹிந்திரா அண்ட் முகமது. கூட்டாளியான குலாம் முகமது பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சரானார், 1948-ல் இங்கே பேர் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆனது. (பார்ட்னர்ஷிப் பாடத்தில் பங்குதாரர் விலகல் என்று படிக்கிறோமே, இப்படியும் ஒரு விலகல்!) போலீஸ் ஜீப், கலெக்டர் ஜீப், தேர்தல் பிரசார ஜீப் என்று பல தலைமுறைகள் பார்த்தது அந்த வில்லிஸ் வம்சத்தைத்தான். 1985-ல் வந்த மாருதி ஜிப்ஸியும் முன்பின் இரண்டும் ஒற்றை அச்சு. 2010-ல் வந்த தார் முன்பக்கத்தில் தனித்தனி சஸ்பென்ஷனுக்கு மாறிவிட்டது. 2023-ல் இங்கே விற்பனைக்கு வந்த ஜிம்னியில் மறுபடி ஒற்றை அச்சு.

இப்போது உயர்த்திக் கட்டுவதற்கு வருவோம். கிங் பின் நேர்செங்குத்தாக நிற்பதில்லை. மேல்முனை சற்றுப் பின்னால் சாய்ந்திருக்கும். கேஸ்டர் என்பது இந்தச் சாய்வுதான். சைக்கிள் ஹேண்டில் கம்பியின் சாய்வு போல, சக்கரத்தை நேராக ஓடவைப்பது அதுவே. ஜிம்னி போன்ற வண்டியில் பாடியைத் தூக்கினால் அச்சு சற்று உருண்டு இந்தச் சாய்வு குறைந்துவிடும். ஸ்டியரிங் பெட்டியிலிருந்து வரும் டிராக் லிங்க் கம்பி படுக்கை நிலை மாறிச் செங்குத்தாகச் சரியும். அதனால் வண்டி குலுங்கும்போதெல்லாம் அது சக்கரத்தை இழுத்துத் திருப்பும். மேலே சொன்ன சுழற்சி விசையோ கனமான பெரிய டயரால் இன்னும் கூடும். அதாவது, பணம் கொடுத்து 1925-க்குத் திரும்பிப் போகிறார்கள்.

நோயைக் கண்டுபிடிக்க ஒரு வரிசை உண்டு. முதலில் இது அதிர்வா, உதறலா என்று பிரிக்க வேண்டும். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வந்து, வேகம் கூடினால் மறைகிற சன்னமான நடுக்கம் என்றால் பெரும்பாலும் வீல் பேலன்சிங் அல்லது வளைந்த ரிம். முன் டயரைப் பின்னுக்கு மாற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். பள்ளத்தில் விழுந்ததும் திடீரென்று பிடித்துக்கொள்கிற முரட்டு உதறல் என்றால் மூட்டுகளைப் பார்க்க வேண்டும். சக்கரம் தரையிலேயே இருக்க, ஒருவர் உட்கார்ந்து ஸ்டியரிங்கை மெதுவாக இடம் வலம் அசைக்க, இன்னொருவர் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டாகப் பார்ப்பதுதான் சிறந்த சோதனை. பழைய வில்லிஸ் ஜீப்பில் நடுவில் இருக்கும் பெல் கிராங்க் தேய்ந்திருக்கும். ஜிப்ஸியில் முதல் சந்தேகம் கிங் பின் பேரிங். ஜாக்கி போட்டுச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் வருகிற லூஸ் வீல் பேரிங்கோ கிங் பின்னோ. பக்கவாட்டில் பிடித்து ஆட்டினால் வருவது பெரும்பாலும் டை ராட். கிங் பின் இறுக்கத்தை மீன் எடை போடுகிற மாதிரியான ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்தே அளக்கலாம். கூடக் குறைய இருந்தால் மெல்லிய ஷிம் தகடு வைத்தோ எடுத்தோ சரிசெய்வார்கள்.

ஆனால் பலர் முதலில் செய்வது புது ஸ்டியரிங் டேம்பர் மாட்டுவது. அரைமணி வேலை, ஆட்டமும் அன்றே நின்றுவிடும். டிரையல் பேலன்ஸ் டாலி ஆகவில்லை என்றால் வித்தியாசத்தைச் சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டு மூடுகிறோமே, அதேதான் இது. தப்பு உள்ளே இருக்கிறது, கூட்டல் மட்டும் சரியாகிவிட்டது. தேய்ந்த மூட்டு டேம்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு தேய்ந்துகொண்டே போகும். டேம்பர் ஒருநாள் எண்ணெய் கசிந்து செத்தால் முன்னை விட மோசமாக வரும். சரியாக இருக்கிற வண்டி டேம்பரைக் கழற்றிவிட்டாலும் பெரிதாக உதறக்கூடாது என்பதுதான் பழைய மெக்கானிக்குகளின் அளவுகோல்.

சட்டமும் இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவை விளக்கிய உச்ச நீதிமன்றம், உற்பத்தியாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது.

தூத்துக்குடிக்கு மட்டும் உரிய தொல்லை ஒன்று பாக்கி. உப்புக் காற்றில் போல்ட்டும் ஷாக்கிள் பின்னும் சீக்கிரம் துருப்பிடிக்கும். துரு பிடித்து இறுகிய ஷாக்கிள், ஸ்பிரிங்கை அசையவே விடாது. தேரி மணல் இன்னும் நைஸானது. ஜிப்ஸியில் அச்சு முனையிலுள்ள ஃபெல்ட் சீல் கிழிந்திருந்தால் நேரே கிங் பின் பேரிங்குக்குப் போய்விடும். உள்ளே போயிருக்கிறதா என்று பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கிங் பின் மூடியைத் திறந்து கிரீஸை விரலில் எடுத்துத் தேய்த்தால், நறநறப்பிலேயே தெரிந்துவிடும்.