அறிவுக்குறை என்னும் கருத்தின் வரலாறு

அறிவுக்குறை பிறவியிலேயே அமைதல் கூடும். ஆயினும், அதற்குப் பெயரும் மதிப்பும் வகுப்பது சமுதாயமே. இதனை மதுரையோடு தொடர்புடையனவும் பிறவுமாகிய சான்றுகள் சிலவற்றைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

புறநானூற்று 28ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் எண்வகை எச்சங்களைத் தொகுத்துரைக்கின்றார். குருடு, கூன், ஊமை, செவிடு முதலியவற்றோடு 'மருள்' என்பதும் அவற்றுள் ஒன்று. அறிவு மயங்கியிருத்தல் என அதற்குப் பொருள் கூறுவர். இவ்வெட்டினையும் அளத்தற்கு அப்பாட்டுக் கொண்ட அளவுகோல் 'ஊதியம்' என்பதாம். உடற்குறையும் அறிவுக்குறையும் ஓரினமாயின. பயனின்மையே அவற்றின் பொதுவியல்பாகக் கொள்ளப்பட்டது.

மதுரைக் கூலவாணிகன் சாத்தனாரின் மணிமேகலை வேறோர் அளவுகோலைத் தருகின்றது. ஊரால் விலக்கப்பட்ட ஆபுத்திரன், மதுரையிற் சிந்தாதேவி கோயிலின் முன்னுள்ள அம்பலத்தில் தங்குகின்றான். மனைதோறும் இரந்த உணவைக் குருடர், செவிடர், முடவர், பேணுநரற்றோர், பிணியாளர் ஆகியோர்க்கு ஊட்டி, எஞ்சியதையே தான் உண்கின்றான். ஈண்டு அளவுகோல் ஊதியமன்று, பசியே. மருளுற்றோர் இவ்வரிசையிற் பெயர் பெற்றிலர். எனினும், பேணுநரற்றோர் என்னும் தொகுதி அவர்க்கும் இடந்தருவதென நாம் கருதுகிறோம். பேணுவார் இல்லாமை ஒருவனுடைய குறையன்று. அவனைச் சூழ்ந்தாருடைய குறை.

மதுரை மிஷனைச் சார்ந்த வீரமாமுனிவர் (1680–1747) பரமார்த்த குருவின் சீடர் ஐவர்க்கும் மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் எனப் பெயரிட்டார். மிலேச்சன் என்பது வேற்று மொழியாளனைக் குறித்த சொல். அயலானும் அறிவிலியும் ஒரே வரிசையில் நின்றமை, சொல்லின் எல்லையைச் சமுதாயம் வகுத்தமைக்குத் தக்க சான்றாகும்.

சட்டங்களும் இவ்வாறே மாறின. 1912ஆம் ஆண்டின் இந்தியப் பித்தர் சட்டம் அறிவுக்குறையுடையாரையும் மனநோயாளரையும் ஒரு பெயருள் அடக்கியது. 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் அறிவுக்குறையை மனநோயினின்றும் பிரித்தது. 1995இல் வந்த சட்டம் அறிவுக்குறையுடையாரை உடற்குறையுடையாரோடு சேர்த்தது. 2016ஆம் ஆண்டின் சட்டம் 21 வகைக் குறைபாடுகளுள் அறிவுசார் குறைபாட்டினையும் வைத்தது. சூழலின் தடைகளும் சேர்ந்தே ஒருவரின் பங்கேற்பைத் தடுக்கின்றன எனவும் அது ஏற்றது.

புறநானூறு ஓரினமாக வைத்தவை மீண்டும் ஓரினமாயின. ஆயின் இன்று அளவுகோல் உரிமை. ஆகவே, 'மருள்' என்னும் சொல்லின்மேல் இன்றைய மருத்துவப் பெயரை ஏற்றிப் பொருள் கூறுதல் பொருந்தாது. அச்சொல்லை ஆள்வோர் எதனை அளவுகோலாகக் கொண்டனர் என்பதையே ஆய்வாளர் முதற்கண் வினவுதல் வேண்டும்.