கதிர்காம அடியாரின் தோள்மூட்டை

பல நாள் நடைப்பயணத்துக்கு எதை எடுப்பது, எதை விடுவது என்பதை மேலைநாட்டார் இன்று ஒரு தனிக்கலையாகவே வளர்த்துவிட்டனர். கூடாரத்தின் எடையைக் கிராம் கணக்கில் பேசுகிறார்கள். பற்தூரிகையின் கைப்பிடியை அறுத்தெறிபவர்களும் உளர். மட்டக்களப்பு வாவிக்கரை மக்கள் இக்கலையைக் கதிர்காமப் பாதயாத்திரையில் கற்றனர்.

வடக்கே தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிற் புறப்படும் அடியார், முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல் வழியாக மட்டக்களப்பை அடைந்து, திருக்கோவில், பொத்துவில், உகந்தைமலை கடந்து, ஆடிவேல் விழாவுக்குக் கதிர்காமம் சேர்வர். ஒன்றரை மாதத்துக்கும் மேற்பட்ட நடை அது. அவர்கள் தோளிலே இருந்தது என்ன? மாற்றுச் சாரம் அல்லது சேலை, துவாய், விரிக்கவும் போர்க்கவும் ஒரே துணி, திருநீற்றுப் பை, ஒரு செம்பு. அவ்வளவுதான். பிற்காலத்தில் துணிப்பொட்டணியின் இடத்தை உரப்பை பிடித்துக்கொண்டது. இரு காதுகளிலும் கயிறு கட்டினால் அதுவே முதுகுப்பை, மழைக்கும் தாங்கும்.

இத்தனை சிறிய மூட்டையுடன் எப்படி நடக்க முடிந்தது? அடியார்களின் துறவு மனப்பான்மையே காரணம் என்பர் பலர். அது பாதி உண்மையே. மீதிப்பாதி, வழியிலிருந்த ஊர்கள். வாவியின் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் கோவில்தோறும் அடியாருக்கு அன்னதானம் உண்டு. படுக்கக் கோவில் மண்டபம், குளிக்கக் குளமோ கிணறோ. ‘சாமி’ என்று விளித்துக் கால் கழுவ நீர் கொடுப்பர். சின்னக் கதிர்காமம் எனப்படும் மண்டூருக்குக் குருமண்வெளித் துறையிலிருந்து வாவியைக் கடப்பதும் உண்டு. அங்கே பூசை செய்பவர் கதிர்காமத்திற் போலவே வாயைத் துணியாற் கட்டிக்கொள்வார். ஆக, அரிசியையும் பானையையும் பாயையும் சுமந்தவை ஊர்கள். அடியார் தம் உடலை மட்டுமே சுமந்தனர்.

உகந்தைமலைக்கு அப்பால் இந்த ஏற்பாடு செல்லாது. குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் என ஐந்தாறு நாள் காட்டுவழி. யானையும் கரடியும் உள்ள காடு. அங்கேதான் மூட்டை கனக்கும். ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி என்றாலும் ஐந்து நாளைக்கு 2 கிலோ. அதனால் சமைக்க வேண்டாத பொரிமா, அவல், சர்க்கரை ஆகியவற்றைப் பழகியவர்கள் விரும்புவர். பானையைக் குழுவுக்கு ஒன்றாக்கி முறைவைத்துச் சுமப்பர். எல்லாவற்றிலும் பாரம் தண்ணீர். ஒரு லீற்றர் ஒரு கிலோ. வறண்ட ஆற்றுமணலில் ஊற்றுத் தோண்டத் தெரிந்த முதியவர் ஒருவர் கூட வந்தால் அந்தப் பாரத்தில் ஒரு பகுதி குறையும்.

ஆங்கிலேயர் இந்த யாத்திரையை ஐயத்துடனேயே பார்த்தனர். வாந்திபேதி பரவும் என்ற அச்சத்தில் 19ஆம் நூற்றாண்டிலேயே கட்டுப்பாடுகள் விதித்தனர். 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனார்ட் வுல்ப், கதிர்காம விழாவை மேற்பார்வையிட்ட அனுபவத்தைத் தமது நினைவுநூலில் எழுதியுள்ளார்.

1955இல் அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப்பாதை முழுவதையும், 2,000 மைலுக்கு மேல், 67 வயது எம்மா கேட்வுட் தனியாக நடந்து முடித்தார். கூடாரம் இல்லை, தாமே தைத்த துணிப்பை, ஒரு கம்பளி, மழைக்குக் குளியலறைத் திரைச்சீலை. எடைகுறைந்த நடையின் முன்னோடி என அவரைக் கொண்டாடுகிறார்கள், கொண்டாடத்தக்கவரே. எங்கள் ஊர்க் கிழவிகள் அந்தப் பையைக் கண்டால் வியந்திருக்கமாட்டார்கள்.

1983 வன்செயல்களுக்குப் பின் யாத்திரை அறுந்தது. 1988இல் அதற்குப் புத்துயிர் கொடுத்தவர்களில் அமெரிக்கரான பற்றிக் ஹரிகன் முக்கியமானவர். ஆனால் 1990இற்குப் பின் கிழக்கில் ஊர்கள் இடம்பெயர்ந்தன. சோறிட்ட கைகளே அகதி முகாமில் சோற்றுக்கு வரிசையில் நின்றன. குமனைச் சரணாலயம் 1985 முதல் 2003 வரை பார்வையாளருக்கு மூடப்பட்டிருந்தது. சோதனைச் சாவடிகளில் பை பெரிதானால் கேள்வியும் பெரிதாகும். அந்நாட்களில் சிறு மூட்டை பக்திக்கு மட்டுமல்ல, உயிருக்கும் காப்பு.

2009இல் போர் முடிந்தபின் கூட்டம் பல்லாயிரமாகப் பெருகியிருக்கிறது. சில குழுக்களின் பொதிகள் உகந்தை வரை உழவு இயந்திரத்தில் வந்துவிடுகின்றன. காட்டுவாசலில் மூட்டையை அவிழ்த்துத் திரும்பக் கட்டும்போதுதான் வீட்டிலிருந்து வேண்டாதன எத்தனை வந்திருக்கின்றன என்பது தெரிகிறது. பொலித்தீனும் வெற்றுப் போத்தல்களும் பாதையோரம் கிடக்கின்றன. பழைய யாத்திரிகரின் செம்பு திரும்பி வீட்டுக்கே வந்தது. மறு ஆடிக்கும் அதே செம்புதான் போனது.