கூகுள் டிரைவில் குடியேறிய லினக்ஸ்

ரூட் கோப்பகம் சொந்தப் பெட்டிக்குள் இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் யூனிக்ஸ் உலகில் எப்போதோ போய்விட்டது. 1980-களின் நடுவில் டிஸ்க் அநியாய விலை விற்றது. சன் மைக்ரோசிஸ்டம்ஸின் சன்-3/50 மாதிரியான மெஷின்கள் பல, டிஸ்க் இல்லாமலே மேசைக்கு வந்தன. கோப்புகளெல்லாம் சர்வரில், கேபிள் வழியே என்எஃப்எஸ் கொண்டுவந்து கொடுக்கும். லினக்ஸும் இந்த வித்தையைச் சின்ன வயதிலேயே கற்றுக்கொண்டது. ஆனால் என்எஃப்எஸ் கெர்னலுக்குள்ளேயே இருக்கும் சமாசாரம். ஜிமெயிலையும் டிரைவையும் கெர்னலுக்கு யார் அறிமுகப்படுத்துவது?

அந்த வேலையைச் செய்தது ஃபியூஸ். எழுதியவர் மிக்லோஷ் செரெடி. ஜிப், டார் கோப்புகளைப் பிரிக்காமலே உள்ளே எட்டிப் பார்க்க உதவும் ஏவிஎஃப்எஸ்ஸும் அவருடையதுதான். ஃபியூஸ் அதிலிருந்து கிளைத்தது. யாராவது ஒரு கோப்பைத் திறந்தால், கெர்னல் அந்தக் கேள்வியை வெளியே ஓடும் ஒரு சாதாரண ப்ரோகிராமிடம் தள்ளிவிடும். அது பைட்டுகளைத் தந்தால் போதும். எங்கிருந்து எடுத்தாய் என்று கெர்னல் விசாரிப்பதில்லை. 2005 அக்டோபரில், 2.6.14 பதிப்பில் ஃபியூஸ் அதிகாரபூர்வமாகக் கெர்னலுக்குள் வந்தது.

ஃபியூஸை வைத்து ஆடும் விளையாட்டோ அதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. ஹாட்மெயில் 2 எம்பி கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், 2004 ஏப்ரல் 1 அன்று 1 ஜிபியோடு வந்தது ஜிமெயில். ஏப்ரல் ஃபூல் என்றே பலர் நினைத்தார்கள். அதே ஆண்டில் ரிச்சர்ட் ஜோன்ஸ் என்பவர் பைத்தானில் ஜிமெயில்எஃப்எஸ் எழுதினார். கோப்பைப் பற்றிய விவரம் மெயிலின் சப்ஜெக்ட் வரியில், உள்ளடக்கம் அட்டாச்மென்டில். டெர்மினலில் ஒரு கோப்பை நகலெடுத்தால் மெயில்பெட்டியில் கடிதம் விழும்! இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த கிறுக்குத்தனம் இதுதான்.

ஃபியூஸ் வகையறாவெல்லாம் பொம்மைக்குத்தான் லாயக்கு என்ற பொருளில் 2011-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் கடிந்துகொண்டார். 2012-இல் கூகுள் டிரைவ் வந்தது. ஆர்குளோன் போன்ற கருவிகள் அதையும் ஒரு கோப்பகமாக மவுன்ட் செய்தன. பொம்மை செய்வதுதான் ஆசை என்றால், டிரைவையே ரூட்டாக்கி லினக்ஸை எழுப்ப எல்லாம் கையில் இருக்கிறது.

மிச்சம் ஒரே சிக்கல்: டிரைவைத் திறக்கும் ப்ரோகிராமே டிரைவுக்குள் இருந்தால் அதை யார் திறப்பது? இனிட்ராம்எஃப்எஸ் கைகொடுக்கிறது. கெர்னல் விழித்ததும் நினைவகத்தில் விரியும் தற்காலிக ரூட் அது. வழக்கமாக டிஸ்க்கைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டு ஒதுங்கிவிடும். இங்கே அதற்குள் நெட்வொர்க் டிரைவர், டிஎச்சிபி, டிஎல்எஸ் சான்றிதழ்கள், ஃபியூஸ் ப்ரோகிராம் எல்லாவற்றையும் மூட்டை கட்ட வேண்டும். பெட்டியின் கடிகாரம் பல வருஷம் பின்தங்கியிருந்தால் கூகுளின் சான்றிதழ் செல்லாது, ரூட்டும் கிடையாது. கெர்னலும் இந்த மூட்டையும் மட்டும் பென்டிரைவிலோ வேறெங்கோ இருந்தாக வேண்டும். அந்த அளவுக்கு இது கள்ள ஆட்டம்தான்.

மவுன்ட் ஆனபிறகுதான் கூத்து. பல லினக்ஸ்களில் /பின் கோப்பகமே ஒரு சிம்லிங்க், அதாவது வேறோர் இடத்தைக் காட்டும் சுட்டி. டிரைவுக்கு சிம்லிங்க் என்றால் என்னவென்றே தெரியாது. ஒரே ஃபோல்டரில் ஒரே பெயரில் இரண்டு கோப்பு வைக்க டிரைவ் அனுமதிக்கும். லினக்ஸ் அதைக் கனவிலும் ஏற்காது. உரிமையாளர், அனுமதி விவரங்களையெல்லாம் ஃபியூஸ் ப்ரோகிராம்தான் எங்காவது ஒளித்துவைக்க வேண்டும். சாதாரண எல்எஸ் கட்டளைக்குக்கூட அது நம்பியிருக்கும் லைப்ரரிகள் இணையம் கடந்து வர வேண்டும். நெட்வொர்க்மேனேஜர் தன் வழக்கப்படி நெட்வொர்க் கார்டை ஒருமுறை அணைத்துப் போட்டால் நுனிமரத்தில் இருந்து அடிமரம் வெட்டிய கதை.

பெட்டியை அணைக்கும்போது இன்னொரு கண்டம். லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி எல்லா ப்ராசஸ்களையும் கொன்றுகொண்டே வரும். ரூட்டைத் தாங்கிப் பிடிக்கும் ஃபியூஸ் ப்ரோகிராமும் அதில் சேர்த்தி. இதற்கு சிஸ்டம்டியே ஒரு விலக்கு வைத்திருக்கிறது: ரூட் பயனராக ஓடும் ப்ராசஸ் தன் பெயரின் முதல் எழுத்தாக @ வைத்துக்கொண்டால் அதன் மேல் கை வைக்காது. ரூட்டைத் தாங்கும் சேமிப்பு ப்ரோகிராம்களை மனதில் கொண்டு செய்த ஏற்பாடு. டிரைவ் பொம்மைக்கும் அது கச்சிதமாகப் பொருந்துகிறது.