ராயல் என்ஃபீல்டு இமாலயன் 411

ராயல் என்ஃபீல்டு இமாலயன் 411 என்பது ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 2016 முதல் 2023 வரை இந்தியாவில் விற்பனை செய்த விசையுந்து, அதாவது மோட்டார் சைக்கிள் ஆகும். நெடும்பயணத்துக்கும் கரடுமுரடான பாதைகளுக்கும் ஏற்றவாறு அமைக்கப்படும் இத்தகைய வண்டிகள் சாகசப் பயண விசையுந்துகள் எனப்படுகின்றன. சென்னையை அடுத்த ஆலைகளில் இது உருவாக்கப்பட்டது. 2023 நவம்பரில் 452 சிசி பொறி கொண்ட இமாலயன் 450 இதன் இடத்தைப் பிடித்தது. ஆகவே இந்தியாவில் 411 வாங்க விரும்புவோர் பயன்படுத்திய வண்டியையே நாட வேண்டியுள்ளது. அவர்களில் இதனைத் தமது முதல் வண்டியாக வாங்குவோரும் உண்டு.

அமைப்பு

இதன் பொறி ஒற்றை உருளை கொண்டது. கொள்ளளவு 411 சிசி. திறன் ஏறத்தாழ 24 குதிரைத்திறன். முறுக்கு விசை 32 நியூட்டன் மீட்டர். உருளையின் விட்டம் 78 மி.மீ., உந்துதண்டின் வீச்சு 86 மி.மீ. வீச்சு நீண்டிருப்பதால் குறைந்த சுழற்சி வேகத்திலேயே இழுவை கிடைக்கின்றது. முன்சக்கரம் 21 அங்குலமும் பின்சக்கரம் 17 அங்குலமும் கொண்டவை. தரை இடைவெளி 220 மி.மீ.; எரிபொருள் தொட்டி 15 லிட்டர்.

முதல் வண்டியாக

இந்தியாவில் கியர் உள்ள மோட்டார் சைக்கிளுக்கான உரிமம் பெற்றவர் எந்தத் திறனுள்ள வண்டியையும் ஓட்டலாம். ஐரோப்பாவில் உள்ளதுபோல் படிப்படியான உரிம முறை இங்கு இல்லை. எனவே எது தன்னால் கையாளத் தக்கது என்பதை வாங்குபவரே முடிவு செய்ய வேண்டியுள்ளது.

இவ்வகையில் இமாலயன் 411 புதியவருக்குப் பொருத்தமானதே. திருகியவுடன் பாயும் இயல்பு இதற்கு இல்லை. இருக்கை உயரம் 800 மி.மீ. மட்டுமே, சாகசப் பயண வண்டிகளில் இது தாழ்வானது. ஆனால் எரிபொருளுடன் இதன் எடை 199 கிலோ வரை, அதாவது 110 சிசி ஸ்கூட்டரைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. ஓடும்போது இந்த எடை தெரிவதில்லை. சரிவில் நிறுத்தும்போதும், சரளைக் கல்லில் திருப்பும்போதும், விழுந்த வண்டியைத் தூக்கும்போதுமே தெரியும். வாங்குவதற்கு முன் இருக்கையில் அமர்ந்து, இரு கால்களும் ஊன்றுகின்றனவா என்பதையும், பொறியை இயக்காமல் வண்டியைப் பின்னோக்கித் தள்ள முடிகின்றதா என்பதையும் பார்த்துக்கொள்வது நன்று.

தலைமுறைகள்

2016-இல் வந்தவை கார்புரேட்டர் கொண்ட பி.எஸ். 3 வண்டிகள். முதலாண்டு வண்டிகளின் தரம் குறித்து உரிமையாளர்களிடமிருந்து முறைப்பாடுகள் எழுந்தன. 2017 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 3 வண்டிகளின் விற்பனையை உச்ச நீதிமன்றம் தடை செய்தது. அவ்வாண்டே எரிபொருள் உட்செலுத்தல் கொண்ட பி.எஸ். 4 வண்டி வெளியானது. 2018-இல் சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏ.பி.எஸ். சேர்க்கப்பட்டது. 2020-இல் வந்த பி.எஸ். 6 வண்டியில், மண் பாதைகளுக்காகப் பின்சக்கர ஏ.பி.எஸ்.ஸை மட்டும் நிறுத்திவைக்கும் வசதி உண்டு.

புதிதாக ஓட்டுபவர் பதற்றத்தில் முன் பிரேக்கை இறுக்கிப் பிடிப்பது இயல்பு. முன்சக்கரம் பூட்டிக்கொண்டால் வண்டி நொடியில் சரிந்துவிடும். ஆகையால் விலை குறைவு என்பதற்காக ஏ.பி.எஸ். இல்லாத வண்டியை முதல் வண்டியாகத் தேர்வது தகாது.

பயன்படுத்திய வண்டியைச் சோதித்தல்

சாதாரண வண்டிகளில் ஓடிய தூரமே தேய்மானத்துக்கு முதன்மை அளவாகக் கொள்ளப்படுகின்றது. சாகசப் பயண வண்டிகளுக்கு இது போதாது. சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் 40,000 கி.மீ. ஓடிய வண்டி, லடாக்கின் நீரோடைகளையும் கற்பாதைகளையும் கடந்து 15,000 கி.மீ. மட்டுமே ஓடிய வண்டியைவிட நல்ல நிலையில் இருக்கக்கூடும். எவ்வளவு ஓடியது என்பதோடு எங்கே ஓடியது என்பதையும் கேட்க வேண்டும். மலைப்பயணப் படங்களை விற்பவர் பெருமையுடன் காட்டுவதுண்டு. வாங்குபவருக்கு அவை தேய்மானத்தின் சான்றுகளும் ஆகும்.

விடையை வண்டியின் அடிப்பகுதியிலும் தேடலாம். பொறியின் கீழுள்ள காப்புத் தகட்டில் ஆழமான நசுங்கல்கள் இருந்தால் வண்டி பாறைகளில் மோதியுள்ளது எனக் கொள்ளலாம். அத்தகைய வண்டியில் சட்டகத்தின் பற்றவைப்பு இணைப்புகளை விளக்கொளியில் பார்க்க வேண்டும். அடுத்து, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்திக் கைப்பிடியை மெல்லத் திருப்ப வேண்டும். நடுவில் ஓரிடத்தில் சிக்கி நின்றால் கோன்செட் தேய்ந்துவிட்டது என்று பொருள். சக்கரத்தைச் சுழற்றினால் ரிம் நெளிவு தெரியும். ஸ்போக் கம்பிகளைத் தட்டினால் தளர்ந்தவை மந்தமாக ஒலிக்கும். முன் போர்க்குகளில் எண்ணெய்ப் படலம் இருந்தால் ஆயில் சீல் பழுதாகியிருக்கும். டயர்கள் ட்யூப் கொண்டவை என்பதால் வழியில் பஞ்சரானால் சக்கரத்தைக் கழற்ற நேரிடும். அதற்கான கருவிகளும் வண்டியுடன் கிடைத்தால் நல்லது.

பொறியைக் குளிர்ந்த நிலையில்தான் முதலில் இயக்கிப் பார்க்க வேண்டும். வாங்குபவர் வருமுன்பே சூடாக்கி வைக்கப்பட்ட வண்டி, கிளம்புவதில் உள்ள தொல்லையை மறைத்துவிடும். மேலும், ஆர்.சி. புத்தகத்திலுள்ள சட்டக எண்ணும் பொறி எண்ணும் வண்டியில் பொறிக்கப்பட்டவையும் ஒன்றாக இருத்தல் வேண்டும்.

உரிமை மாற்றம்

உரிமை மாற்றத்துக்குப் படிவம் 29, படிவம் 30 ஆகியன தேவை. கடன் நிலுவை ஆர்.சி.யில் பதிவாகியிருந்தால் படிவம் 35 மூலம் அதனை நீக்க வேண்டும். பிற மாநில வண்டிக்குப் படிவம் 28 எனும் தடையின்மைச் சான்றும், புதிய மாநிலத்தின் சாலை வரியும் கூடுதலாகும்; மலிவாகத் தோன்றும் பிற மாநில வண்டியின் விலை இதனால் உயர்ந்துவிடுவதுண்டு.

பணம் கைமாறியதுடன் விற்பவரின் பொறுப்பு முடிவதில்லை. பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பான உரிமையாளர் என உச்ச நீதிமன்றம் 2018-இல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் தீர்ப்பளித்தது. வாங்கியவர் தம் பங்குக்கு, உரிமை மாறிய 14 நாட்களுக்குள் காப்பீட்டையும் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். காப்பீடு மாற்றப்படாத நிலையில் விபத்து நேர்ந்தால், வண்டிக்கு ஏற்பட்ட சேதத்துக்கான இழப்பீட்டை நிறுவனம் மறுக்கலாம். முந்தைய உரிமையாளர் சேர்த்து வைத்த கோரிக்கையின்மைச் சலுகை வாங்குபவருக்குச் சேராது.